பழைய ‘லை’

திருநெல்வேலி
தை 20

அன்பு கோமு,

நலம், நலமறிய ஆவல். எள்ளுப்பொடி டப்பா ரயிலில் கசிந்து சுடிதாரெல்லாம் எண்ணெய் என்றாய். பொடியாகவே கொடுப்போம், அங்கே போய்க் குழைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன். உன் அப்பாதான் கேட்கவில்லை. போகட்டும்.

போனில் இதைப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். நீ நடுவில் ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், அதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். காணும் பொங்கலன்று ராத்திரி நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோமே, ‘அழியாத கோலங்கள்’, அதைப் பற்றித்தான். புனே போய் இறங்கியதும் நீ அனுப்பின செய்தியை நாலு தடவை படித்துவிட்டேன். “அப்பாவை விடு, அவர் அப்படித்தான். நீ ஒரு டீச்சர். நீ எப்படிம்மா வாயைத் திறக்காம இருந்தே?”

கேட்டது நியாயம். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் அப்பாவைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தப் படம் வந்தது 1979 டிசம்பரில். அப்போது அவர் பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை பார்த்தாராம். மூன்றாவது தடவைக்குக் காசு ஏது என்று கேட்டால் இன்றைக்கும் சிரிப்புத்தான் பதில். கல்யாணமான புதிதில் இருந்தே, “பாலு மகேந்திரா தமிழில் எடுத்த முதல் படம், நீ பார்த்தே ஆகணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக ஆசைப்பட்டு, யூடியூபில் தேடிப் பிடித்து, மகளையும் உட்கார வைத்துப் போட்டால், பாதிப் படத்தில் நீ எழுந்துவிட்டாய். “மூணு பயலுக ஒரு டீச்சரை முறைச்சு முறைச்சுப் பார்க்கிறான். ஆத்தங்கரையும் வெயிலும் பாட்டும் போட்டா அது கவிதை ஆயிருமாப்பா?” அவர் சொன்னது, “அந்த வயசு அப்படித்தான் இருக்கும்மா.” நீ சொன்னது, “எனக்கும்தான் அந்த வயசு இருந்துச்சு. என்னை வச்சு யாரு படம் எடுத்தா?”

நல்ல கேள்வி. கேட்டதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் ‘நான் எண்ணும் பொழுது’ பாட்டுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டும்போது, “இது ‘ஆனந்த்’ இந்திப் படத்துல லதா பாடின மெட்டுப்பா, சலீல் சௌத்ரி அதையே இங்க கொண்டுவந்துட்டார்” என்று சொன்னாயே, அது தேவையா? பாவம், மனுஷன் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தப் பாட்டு தன் ஊருக்காகவே போட்டது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார் போலிருக்கிறது.

கடைசியில் அவர் அழுததையும் நீ தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். டீச்சரை நினைத்து அழுகிற கிழவன் என்று உனக்குத் தோன்றியிருக்கும். அந்த மூவரில் ஒருத்தன் ஆற்றோடு போகிற இடத்தில்தான் அவர் துண்டை எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை, இதுவரை கேட்டதும் இல்லை. ஆனால் சேரன்மகாதேவிக்குப் போகும்போதெல்லாம் ஆற்றில் ஒரு படித்துறையில் மட்டும் அவர் இறங்குவதில்லை, சுற்றிக்கொண்டு மேற்கே போவார், உனக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது கூடப் படித்த ஒரு பையன் என்று உங்கள் ஆச்சி ஒருதடவை ஆரம்பித்து, அவர் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டார். உனக்கு ஆறு வயசு முடியுமுன் நீச்சல் கற்றுக்கொடுத்தே தீருவேன் என்று ஒரு கோடை முழுக்க உன்னை அழ அழ ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போனாரே, அதையும் இதையும் நான் அன்றைக்கு ராத்திரிதான் சேர்த்துப் பார்த்தேன்.

அவருக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. வக்காலத்து வாங்கினால் உனக்கு எதிராக எனக்கும் ஒரு வழக்கு உண்டு. 2018ல் ‘96’ வந்தபோது நீ என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய், பக்கத்து சீட்டில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாய். நான் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருத்தியை இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருத்தன் தனியாக இருக்கிறான். அவள் இருக்கும் காலேஜ் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். அவள் உடுத்திப்போட்ட உடுப்பை மடித்துப் பெட்டியில் வைக்கிறான். எனக்கு சிங்கப்பூரில் இருக்கிற அந்த ஜானுவின் புருஷன் ஞாபகமாகவே இருந்தது. வெளியே வந்து சொன்னேன், “உனக்கு ரசனையே இல்லம்மா” என்றாய். ராம் செய்தால் காதல், நம் அப்பா காலத்துப் பயல்கள் செய்தால் கேஸ் போடணுமா? உன் வயசுப் படத்துக்கு நீ அழுதாய். அவர் வயசுப் படத்துக்கு அவர். இரண்டிலும் நான்தான் வெளியாள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அந்தப் படத்தில் இந்து டீச்சராக வருகிற ஷோபாவைப் பார்த்தபோது என்ன வயசிருக்கும் என்று உனக்குத் தோன்றியது? இருபத்தைந்து? அவள் பிறந்தது 1962 செப்டம்பரில். படம் வந்தபோது பதினேழு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடுத்த மே முதல் தேதி செத்தும் போனாள். ‘பசி’ படத்துக்கு தேசிய விருது வாங்கின பெண். செய்தி வந்த பேப்பரை எங்கள் வீட்டில் யாரோ மடித்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டார்கள். ரொம்ப நாள் அந்த முகத்தின் மேல்தான் என் புத்தகங்கள் இருந்தன.

நான் பிறந்ததும் 1962தான். அவள் சேலை கட்டிக்கொண்டு கேமரா முன்னால் டீச்சராக நின்றபோது நான் இரட்டைச் சடையும் தாவணியுமாக பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன், பிளஸ் டூ வந்த முதல் செட் நாங்கள். மீசை முளைக்கிற பையன்களின் படம், மீசை முளைக்கிற பையன்களின் படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் விடலை வயசு யாருக்கு? டீச்சரும்தான் அந்த வயசு. அதை அந்தப் படத்தில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. படம் ஓட ஓட நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறும் பார்க்கவில்லை, வெயிலும் பார்க்கவில்லை.

அந்தப் படம் வந்தபோது நான் ஏன் பார்க்கவில்லை தெரியுமா? பெரியவளான பெண்ணை அந்த மாதிரிப் படத்துக்கு யார் கூட்டிப்போவார்கள்! 1976ல் எனக்குச் சடங்கு வைத்தார்கள். ரேடியோ செட் கட்டி, தெருவுக்கே தெரியும்படி மாமன் சீர் வந்தது. பச்சை முட்டை, உளுந்தங்களி, களியின் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். பதினாறு நாள் மூலையில் உட்கார்ந்து எழுந்தபோது மரம் ஏறக் கூடாது, வாசலில் நிற்கக் கூடாது, சினிமாவுக்கு அத்தை இல்லாமல் போகக் கூடாது. அத்தைக்கோ சாமிப் படம்தான் பிடிக்கும்.

தமிழ் டீச்சர் புத்தி, சொல்லாமல் விட முடியவில்லை. ‘வயசுக்கு வந்துட்டா’ என்று பெண்ணைத்தான் சொல்கிறோம். பையன் வயசுக்கு வந்தான் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அவன் தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன். நமக்குத் தேதி உண்டு, மணி உண்டு, அதை வைத்து ஜோசியர் ருது ஜாதகம்கூட எழுதிக் கொடுப்பார். அவர்களுக்கு ஒரு நீளமான பருவம். எங்களுக்கு ஒரு மத்தியானம். ஒரு மத்தியானத்தை வைத்து என்ன படம் எடுப்பது? உனக்குச் சடங்கு வைக்க மாட்டேன் என்று நான் நின்றபோது ஆச்சி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. களி மட்டும் கிண்டினேன். அதுவும் உனக்குப் பிடிக்கவில்லை, பூனைக்கு வைத்தாய்.

போன வருஷம் வர்ஷா பரத் என்கிற பெண் அந்த வயசுப் பெண்ணை வைத்து ஒரு படம் எடுத்தாளே. டீசர் வந்ததற்கே எத்தனை சத்தம். பையன்கள் வளர்ந்தால் ‘அழியாத கோலங்கள்’, பெண் வளர்ந்தால் படத்தின் பெயரே ‘பேட் கேர்ள்’. பேரை அவளே கிண்டலாகத்தான் வைத்திருப்பாள், எனக்கும் புரிகிறது. நம் தெருவில் அதைத் திட்டினவர்கள் எல்லோரும் பார்க்காதவர்கள். நானும் பார்க்கவில்லை, ஆகவே மேலே பேச மாட்டேன். நீ வரும்போது போடு.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1985ல் எனக்கு முதல் வேலை. ஊர் பேர் வேண்டாம். இருபத்துமூன்று வயசு, பத்தாம் வகுப்புக்குத் தமிழ். காலையில் போனால் மேஜை மேல் ஒரு கை கொடுக்காப்புளி இருக்கும். யார் வைத்தது என்று கேட்டால் வகுப்பே உத்தரத்தைப் பார்க்கும். நான் அதை முதல் பெஞ்சுக்குக் கொடுத்துவிடுவேன். பலகையில் எழுதத் திரும்பினால் முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். கோபம் என்று சொல்ல முடியாது, பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. சேலையைத் தோள் வரை இழுத்து விட்டுக்கொண்டே எழுதுவேன், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். பையன்கள் ஒண்ணுக்குப் போகிற இடத்துச் சுவரில் கரியால் என் பெயர், ஒரு கூட்டல் குறி, கணக்கு சார் பெயர். “பசங்களைச் சொல்லிக் குத்தமில்ல டீச்சர். நீங்க பூவைக் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க. சேலைக்கு ஊக்கு குத்துங்க.” இவ்வளவுதான் விசாரணை. கணக்கு சாரைக் கூப்பிடக்கூட இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் போனபிறகு நான் போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். ‘கலைச்செல்வி’ என்பதில் உள்ள ‘லை’ பழைய ‘லை’. யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் வளைத்துப் போடுவோமே, 1978ல் அரசாங்கம் எழுத்தை மாற்றுமுன் நாங்கள் எழுதினது.

என் வகுப்பில் ஒரே ஒருத்தன்தான் அப்படி எழுதுவான். தாத்தா மணலில் விரல் பிடித்துக் கற்றுக்கொடுத்த எழுத்து, எத்தனை தடவை சொன்னாலும் மாறவில்லை. கடைசி பெஞ்சு, வாயே திறக்காத பையன், கட்டுரை மட்டும் அருமையாக எழுதுவான்.

நான் சொல்லவில்லை, கோமு. அவனைக் காப்பாற்றினேன் என்று நினைத்து என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிடாதே. அவன் எழுத்து உங்களுக்கு அவ்வளவு பழக்கமா டீச்சர் என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பயம்தான். ஆனால் அந்த வாரக் கட்டுரை நோட்டைத் திருத்தும்போது அவன் எழுதியிருந்த ஒவ்வொரு ‘லை’யையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அலை, மலை, கலை, ஒன்று விடாமல். கீழே ‘இப்படி எழுதுவதை இன்றோடு நிறுத்திக்கொள்’ என்று எழுதினேன். நோட்டை வாங்கிப் பிரித்தவன் முகம் வெளுத்தது. அதற்குப் பிறகு கொடுக்காப்புளி வரவில்லை. அடுத்த கட்டுரையில் எல்லாம் புது ‘லை’, நடுங்கின கையெழுத்தில். வருஷம் முடிகிறவரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுரையும் முன்போல இல்லை. நான் பூ வைப்பதை விட்டவள் கல்யாணத்தன்றுதான் மறுபடி வைத்தேன்.

அதனால்தான் நீயும் அப்பாவும் சண்டை போட்டபோது எனக்கு வாய் வரவில்லை. நீ சொன்னது எல்லாம் சரி, இந்து டீச்சர் என்ன நினைத்தாள் என்று அந்தப் படம் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு காதலனைக் கொடுத்திருக்கிறார்கள், பிரதாப் போத்தன், அதோடு சரி. ஆனால் உன் பக்கம் சேர்ந்து அந்தப் பயல்களைத் திட்டலாம் என்றால், கடைசி பெஞ்சில் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே. அப்பா பக்கம் சேரலாம் என்றால் முதுகு கூசுகிறது.

மாசி பிறந்ததும் வடாம் போடுவேன், உனக்கு ஒரு டப்பா எடுத்துவைக்கிறேன். பழைய வீட்டுப் பத்திரத்தை அப்பா நேற்று எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் பக்கத்துக்குப் பக்கம் பழைய ‘லை’. அழகான எழுத்துத்தான். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே. யார் அந்தப் பையன் என்று கேட்பார், அவன் பேரைச் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அன்புடன்
அம்மா