குடை கொடுக்க வந்தவருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

எங்கள் தொடக்கப்பள்ளிக்குத் தோள் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு,

நேற்று பிள்ளைகள் மறுபடியும் நம் சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மழை வாரத்தில் பள்ளியை விட்டுச் சமுதாயக் கூடத்துக்கு மாறியபோது நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் என்னோடு சேற்றில் நின்றவர்கள்தானே. இந்த நிம்மதி பழகிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கேட்டதும் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டவர்கள், ஜீப்பில் பெஞ்சுகளை ஏற்றி வந்தவர்கள், எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து டீயும் வர்க்கியும் அனுப்பிய அக்காமார்கள், நனைந்த நோட்டுகளை அடுப்படியில் காயவைத்துத் தந்த அம்மாக்கள், எல்லோருக்கும் என் கும்பிடு. பெயர் போட ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள், அதனால் போடவில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக, அதாவது பெட்டியில் நின்று பிரேக் போடுபவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா அவர். மூன்றாம் வகுப்புப் பேரனுக்குக் குடை கொடுக்கத்தான் கூடத்துக்கு வந்தார். நானும் உதவி ஆசிரியையும் ஈரப் புத்தகங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது. "டீச்சர், ஒரு அரை மணி நேரம் நான் பாத்துக்கட்டுமா?" என்றார். சரி என்றேன். வேறு வழி?

பிள்ளைகளை இரண்டு வரிசையாக உட்காரவைத்து, இடைவெளி விட்டு முஷ்டிகளைத் தரையில் ஊன்றச் சொன்னார். ஒரு வரிசையில் முஷ்டி இருந்தால் அதற்கு நேர் எதிரே மறு வரிசையில் இடைவெளி. "இதுதான் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற பல் சட்டம்" என்றார். என்ஜினின் பல் சக்கரம் ஒரு சட்டத்தை விடும்போது இன்னொன்றைக் கவ்விக்கொண்டிருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ரயில் வழுக்காமல் ஏறுவது அப்படித்தான். 1899லிருந்து இங்கே ஓடுகிற ரயில், அதன் விசில் கேட்டுத்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் அது எப்படி ஏறுகிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அப்புறம் எல்லோரும் பெட்டிகளானார்கள். ஏற்றத்தில் என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. முதல் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன் காட்டும் கொடிதான் அவருக்குக் கண். பச்சைத் துண்டும் சிவப்புத் துப்பட்டாவும் கொடிகளாயின. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கொடி பிடித்தாள். அவள் சிவப்பைக் காட்டினால் மொத்த ரயிலும் நின்றது. ரொம்பவே அடிக்கடி காட்டினாள்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே மீண்டும் வந்தார், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூபோடு. மலை ரயில் ஏறும் மிகச் செங்குத்தான இடம் 12க்கு 1, அதாவது 12 அடி போனால் ஓர் அடி உயரும். நம் பள்ளிப் பாதையைப் பிள்ளைகளே அளந்தார்கள். 12 அடிக்கு 2 அடிக்கும் மேலே வந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப ரயிலைவிட நாமதான் கெத்து" என்றான். ரொட்டியை வெட்டிக் காட்டி வருஷா வருஷம் பின்னம் நடத்துகிறேன். இந்தச் சந்தோஷத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஆட்டம் பாட்டமெல்லாம் எதுக்கு டீச்சர், எழுதப் படிக்க வந்தா போதாதா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கவலை நியாயமானதுதான், நானும் மார்க் கூடும் என்று வாக்குக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் இதே மலையில் பெரிய போர்டிங் பள்ளிகளில் குதிரையேற்றமும் பியானோவும் இருக்கின்றன. அங்கே அதைப் படிப்புக்கு இடைஞ்சல் என்று யாரும் சொல்வதில்லை. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தேவையானது நம் பிள்ளைக்கு மட்டும் வீண் வேலையாகிவிடுமா?

இனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இதற்குத்தான், நான் இங்கே இருக்கும்வரை விடமாட்டேன். கொழுந்து பறிக்கும் அக்கா வரட்டும், கேரட் கழுவும் மெஷின் ஓட்டும் அண்ணன் வரட்டும். பேசத் தெரியாது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். ஐயாவும் பேசியது கொஞ்சம்தான்.

வருகிற சனிக்கிழமை பஸ் ஸ்டாப் வரைக்கும் அளக்கப் போகிறார்கள். 30 மீட்டர் டேப் யாரிடமாவது இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். காட்டெருமை நடமாட்டம் இருப்பதால் நாலு மணிக்குள் முடித்துவிடுவோம்.

அன்புடன்,
தலைமை ஆசிரியை