கதவைத் திறந்தால் இன்னொரு கதவு

செயின்ட் ஜான்ஸ், நியூஃபவுண்ட்லாந்து, கனடா
2.2.2020

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வாரம் இருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்ளும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். காணும் பொங்கலன்று நீங்கள் அழைத்து, “டிவியில உங்க ஊரக் காட்டுறாங்களே, என்னப்பா?” என்று கேட்டபோது, “ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் பனி” என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அது பொய். பேசும்போது அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் உண்மை வாயில் வரவில்லை. எழுத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன்.

நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ள வைப்பது, வெயில் ஏறினால் தடம் தெரியாமல் போய்விடுவது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று அப்பத்தா சொல்வார். இந்த ஊர்த் தைப் பனி தரையையே காணாமல் அடித்துவிட்டது. ஜனவரி 17, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் இங்குள்ள விமான நிலையத்தில் 76.2 சென்டிமீட்டர் பனி பதிவாயிற்று. இதற்கு முன்பு ஒரு நாளில் அதிகமாகப் பெய்தது 1999 ஏப்ரலில், 68.4 சென்டிமீட்டர். காற்றில்லாமல் நேராகக் கொட்டியிருந்தால் 76 சென்டிமீட்டர் என்பது இடுப்புக்குக் கீழேதான். ஆனால் காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வீசியதால், அது ஒரு வீட்டு வாசலைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டு வாசலில் கூரை மட்டும் கொண்டுபோய்க் குவித்தது. எங்கள் வாசல் அந்த இரண்டாவது வகை.

120 என்ற எண்ணைப் படித்ததும் உங்களுக்கு எது நினைவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கஜா புயலும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வந்தது, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில்தான் கரையைக் கடந்தது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல. நம் வங்கக் கடல் புயல் கடல் நீரின் வெப்பத்தைக் குடித்து வளர்கிறது. இங்கு வருவது வடக்கிலிருந்து இறங்கும் உறைகுளிர்க் காற்றும் தெற்கேயிருந்து வெந்நீரோட்டத்தின் மேலாக வரும் ஈரக் காற்றும் மோதிக்கொள்வதில் பிறக்கிறது. அந்த மோதல் கடுமையாக இருந்தால் காற்றழுத்தம் ஒரே நாளில் சரசரவென்று இறங்கிவிடும். அப்படி இறங்கும் புயலை இங்குள்ளவர்கள் வெடிகுண்டுப் புயல் என்கிறார்கள். எந்தக் குண்டும் வெடிக்கவில்லை, அப்பா. இரவு முழுவதும் ரைஸ்மில் ஓடுவதைப் போல ஒரே சீராக ஓர் இரைச்சல் இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் மூவர் ஒரு வீட்டின் அடித்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். பாதி நிலத்துக்குக் கீழே இருக்கும் அறைகள், தரைமட்டத்தில் இரண்டு சிறிய சன்னல்கள். மேல்தளத்தில் வீட்டுக்கார அம்மாள் தனியாக இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணியளவில் நகரத்தில் அவசரநிலை அறிவித்து, வண்டிகள் தெருவுக்கு வரக்கூடாது, கடைகள் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிற்பகலில் எங்கள் சன்னல்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து மூடின. மாலை நான்கரை மணிக்கு மின்சாரம் போயிற்று. இங்கே அடுப்பும் மின்சாரம், அறையைச் சூடாக்குவதும் மின்சாரம் என்பதால், விளக்கு அணைந்த அரை மணி நேரத்தில் சுவர் சில்லிடத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்கார அம்மாள் உள்படிக்கட்டின் மேலிருந்து எங்களை அழைத்தார். அவர் வீட்டில் பழைய விறகடுப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்திருந்தோம். அடுப்பின் மேலேயே கெட்டிலை வைத்துத் தேநீர் போட்டார். இந்தத் தீவில் தேநீருக்குப் பசும்பால் ஊற்றுவதை விட டப்பாவில் வரும் சுண்டிய பாலை ஊற்றுவதுதான் வழக்கம், நம் அம்மாவுக்கு அந்தச் சுவை மிகவும் பிடித்துப்போகும். நாங்கள் பொங்கலன்று செய்து மிச்சம் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலை எடுத்துச் சென்று கொடுத்தோம். அவர் அதை ரொட்டியில் தடவித் தின்றார். யாரையும் “மை லவ்” என்றுதான் அழைப்பார். வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் பக்கத்து ‘கண்ணு’, ‘ராசா’ போல அது என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

அன்று இரவு அவர் சொல்லித்தான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது: 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இந்தத் தீவின் தெற்கே, செயின்ட் ஷாட்ஸ் அருகே கடலில் தவித்தபோது, கஸ் டால்டன் என்ற மீனவர்தான் முதலில் கண்டு தம் படகில் ஏற்றிக்கொண்டாராம். செயின்ட் ஜான்ஸுக்குக் கொண்டுவந்து எங்கள் பல்கலைக்கழக விடுதியில் தங்க வைத்திருக்கிறார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலில் வானொலியில் கேட்டதாகவும், நாங்கள் வாடகைக்குக் கேட்டு வந்த அன்று அதே சொல்லைச் சொன்னதும் மறுகேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்ததாகவும் சொன்னார். நாங்கள் முன்பணம் கொஞ்சம் குறைவாகக் கொடுத்ததற்கு அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இரவு பதினொன்றரைக்கு மின்சாரம் திரும்பியது. ஏழு மணி நேரந்தான். நம் ஊரில் கஜாவுக்குப் பிறகு எத்தனை வாரம் இருட்டில் இருந்தீர்கள் என்பதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் எங்கள் கதவைத் திறந்தேன். அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. திறந்த இடத்தில் இன்னொரு கதவு நின்றது, வெள்ளைக் கதவு. எங்கள் கதவின் சட்டம், கைப்பிடி, கடிதம் போடும் துளை எல்லாம் அச்சுவெல்லம் போல அதில் பதிந்திருந்தன. மேலே ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பனி அள்ளும் ஷவலை வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருந்தது நான்தான் என்பதை அறை நண்பர்கள் இருவரும் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். வேறு வழியில்லாமல் சோறு வடிக்கும் குண்டானையும் குளியலறை வாளியையும் கொண்டு உள்ளிருந்தே தோண்டினோம். தோண்டிய பனியை எங்கே கொட்டுவது? வெளியே கொட்ட வெளியே இருந்தால்தானே! குளியல்தொட்டியில் கொட்டி, வெந்நீரைத் திறந்துவிட்டு, அது கரையக் கரைய மறுபடி கொட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து ஷவலின் பிடி கைக்குத் தட்டுப்பட்டபோது மூவரும் கத்திய கத்தல், கிணறு தோண்டும்போது ஊற்றுக் கண்டவர்களின் கத்தலாக இருந்தது.

பனி என்றால் பஞ்சு என்று நினைத்திருந்தேன். புதிதாக விழுந்த பனி அப்படித்தான், ஒரு கன மீட்டர் நூறு கிலோ கூட இராது. காற்று அடித்து இறுக்கிய பனி அதைப்போல மூன்று நான்கு மடங்கு கனக்கும். அதை ஷவலால் கட்டி கட்டியாக வெட்டித்தான் எடுக்க வேண்டும், களிமண்ணில் வாய்க்கால் வெட்டுவது போல. வெட்டியதைத் தலைக்கு மேலே தூக்கி எறிய வேண்டும், ஏனென்றால் இருபுறமும் அதற்கு முன் வெட்டியது மதிலாக நிற்கிறது. இந்த வேலையில் நெஞ்சுவலி வந்து விழுபவர்கள் உண்டு என்பதால் வயதானவர்களைச் செய்ய வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். நாங்கள் முதலில் சுத்தம் செய்தது வாசலை அல்ல, விறகடுப்பின் புகைக்காற்று சுவர் வழியாக வெளியேறும் குழாயை. அது பனியில் அடைபட்டால் நச்சுக்காற்று வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும், அதற்கு மணமும் கிடையாது. அடுத்தது தெருமுனையில் இருக்கும் தீயணைப்புக் குழாய். அது இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு கம்பி நட்டிருக்கும், அந்தக் கம்பியின் நுனியைத் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டினோம். மூன்றாவதாகத்தான் வீட்டுக்கார அம்மாளின் வாசல். அவருடைய கார் எங்கே நிற்கிறது என்பதை ஆளுக்கோர் இடமாகக் காட்டினோம்.

இங்கும் வரப்புச் சண்டை உண்டு, அப்பா. உன் பனியை என் பக்கம் தள்ளாதே என்பதுதான் சண்டை. எங்கள் தெருவில் ஒருவர் மட்டும் அப்படிச் சத்தம் போட்டார். அவரே மறுநாள் தம் பனி அள்ளும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்து, நாங்கள் கேட்காமலேயே எங்கள் வாசல்வரை பாதை போட்டுவிட்டுப் போனார். பேச்சு மட்டும் இல்லை. நம் சின்னையா ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஊர் அப்படியே நின்றது. பேருந்து இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, கடை இல்லை. துறைமுகத்தை ஒட்டிய குன்றுச் சரிவில் பனி மொத்தமாகச் சரிந்து ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. ராணுவ வீரர்கள் நூற்றுக்கணக்கில் வந்திறங்கினார்கள். துப்பாக்கி இல்லாமல் ஷவலோடு நடந்துபோகும் ராணுவத்தை நான் முதன்முறையாகப் பார்த்தேன். முதியவர்களின் வாசல்களை அவர்கள்தான் திறந்துவிட்டார்கள். தெருக்களிலிருந்து அள்ளிய பனியைக் கொட்ட இடமில்லாமல் லாரி லாரியாகக் கொண்டுபோய்த் துறைமுகக் கடலில் கொட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமைதான் மளிகைக் கடைகளைச் சில மணி நேரம் திறக்க அனுமதித்தார்கள். வண்டி ஓட்டத் தடை நீங்கவில்லை, நடந்துதான் போக வேண்டும். வீட்டுக்கார அம்மாளின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டிருந்ததால் மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு முதுகுப்பையோடு கிளம்பினேன். வழக்கமாகப் பதினைந்து நிமிட நடை அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருபுறமும் என்னைவிட உயரமான பனிச்சுவர், நடுவே ஒற்றையடிப் பாதை, எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கடை வாசலில் இரண்டு மணி நேர வரிசை. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய எனக்கு அது பெரிதில்லை, ஆனால் யாரும் இடையில் நுழையாததும் யாரும் கோபப்படாததும் விநோதமாக இருந்தது. பின்னால் நின்ற பெண்மணி தம் சறுக்குப் பலகையில் குழந்தையை உட்கார வைத்து இழுத்து வந்திருந்தார். திரும்பும்போது குழந்தை நடந்தது, பலகையில் உருளைக்கிழங்கு மூட்டை உட்கார்ந்திருந்தது. எனக்குப் பாலும் வெங்காயமும் மாத்திரையும் கிடைத்தன. ரொட்டி கிடைக்கவில்லை. எங்களிடம் அரிசி இருந்தது, உறை ஊற்றத் தயிர் இருந்தது, நீங்கள் கட்டாயப்படுத்திப் பெட்டியில் வைத்த நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது. பட்டினி கிடக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமைதான் அவசரநிலை நீங்கியது. இப்போதும் நடைபாதைகள் பனிக்கு அடியில்தான் இருக்கின்றன. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் சாலையிலேயே நிற்கிறோம்.

இனி, தொலைபேசியில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். நான் பகுதிநேரம் வேலை பார்க்கும் கடை அந்த எட்டு நாளும் மூடியிருந்தது. வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிப்ரவரி வாடகைக்கு அறை நண்பனிடம் கடன் வாங்கினேன். அதனால், தென்னங்கன்று வைக்கத் தை மாதம் அனுப்புவதாகச் சொன்ன பணத்தை இந்த மாதம் அனுப்ப முடியாது. பங்குனிக்குள் அனுப்பிவிடுவேன்.

இதைச் சொல்ல இவ்வளவு சுற்றினேன். கஜா அடித்தபோது நான் இங்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அன்று நீங்கள், “நாலஞ்சு மரம் சாஞ்சிருக்கு, நீ படிப்பப் பாரு” என்றீர்கள். நம் தோப்பில் 96 மரங்களில் 81 விழுந்ததை மாமா சொல்லித்தான் ஆறு மாதம் கழித்து அறிந்தேன். அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்ததைக் கூட நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நானும் அதையே செய்துவிட்டேன். இங்கு விழுந்தது மே மாதத்தில் கரைந்துவிடும், உங்களுக்கு விழுந்தது அப்படி இல்லை.

போன ஆடியில் வைத்த 60 கன்றுகளில் எத்தனை பிடித்திருக்கின்றன, எத்தனை பட்டுப்போயின என்று எண்ணி எழுதுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று குறைத்து எழுத வேண்டாம். இங்கும் அங்கும் சரியாக ஒன்பது மணி நேர வித்தியாசம், கூட்டிக் கழிக்க அரை மணிகூட இல்லை. உங்களுக்குக் காலை ஆறு என்றால் எனக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது, அப்போது அழைத்தாலும் எடுத்துவிடுவேன்.

அப்பத்தாவின் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்