மதியம் கிளம்பும் வண்டி காலையில் ஏன் மறுக்கிறது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. அக்காவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான், இப்போது இரவுப் பணி இல்லை என்பதால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட முடிகிறது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அதை நீ மூன்று வரியில் எழுதியிருந்தாலும் மனது கேட்கவில்லை. குளிர்ந்த காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் கிளம்ப அடம்பிடிக்கிறது. ஒருமுறை கிளம்பி ஓடிவிட்டால் அன்று முழுக்கத் தொட்டதும் கிளம்புகிறது. மெக்கானிக் டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். இதுதானே நீ சொன்னது? எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் இடிக்கிறது. தயவுசெய்து பம்பில் இன்னும் கை வைக்காதே.

காரணம் சொல்கிறேன். உன்னுடையது போன்ற பழைய ரோட்டரி பம்ப் தேய்ந்தால், பெரும்பாலும் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் முதலில் தகராறு செய்யும். சூட்டில் டீசல் நீர்த்துப்போய் தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. காலையில் டீசல் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்ப்கூடச் சமாளித்துவிடும். உன் வண்டி நேர் எதிராக நடந்துகொள்கிறது. அப்படியானால் பம்புக்கு வெளியேதான் தேட வேண்டும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது, அழுத்தப்பட்ட காற்றின் சூடுதான் நெருப்பு. உன் இன்ஜினில் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் இன்னும் மோசம்: சூடு சுவரில் இறங்க நேரம் கிடைக்கிறது, காற்றும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக நழுவுகிறது. அதனால் காலையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சூடு போதவில்லையா, டீசல் வரவில்லையா?

இதற்குப் பதில் சைலன்சரில் இருக்கிறது. நாளை காலை யாரையாவது சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீ பின்னால் போய் நில். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. இதைப் பார்க்காமல் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காதே.

அப்புறம் பேட்டரி. இதைப் பலரும் "நேற்றுதான் சார்ஜ் ஏற்றினேன்" என்று தாண்டிப்போய்விடுகிறார்கள். நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமில்லை. செல்ஃப் சுற்றும்போது மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பார். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைக் கவனி. வோல்ட் நன்றாக இருந்தும் செல்ஃப் மெதுவாகவே சுற்றினால், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டையைக் கழற்றி, பச்சை பூத்த இரு முனைகளையும் பளிச்சென்று தேய்த்து மாட்டு. ஆயில் கெட்டியான ரகமாக இருந்தாலும் இதே கதைதான். கையேட்டில் குளிருக்குச் சொல்லியிருக்கும் ஆயிலைப் பார்.

வெள்ளைப் புகை வந்தால் என் சந்தேகம், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் மேல்தான். டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைந்ததால் பிளக் சூடாகிறது என்று நினைத்துவிடாதே. பல பழைய வண்டிகளில் அது நேரத்தை மட்டும்தான் காட்டும், பிளக்கின் நிலையை அல்ல. டெஸ்ட் லேம்ப் ஒன்று போதும், ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் கூர்முனையும் உள்ள சின்ன விளக்குதான் அது. முதலில் கிளிப்பை எர்த்தில் கடிக்க விட்டு, சாவியை ஹீட் நிலையில் வைத்து, பிளக்குகளை இணைக்கும் பட்டையில் முனையைத் தொடு. விளக்கு எரியாவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ் போயிருக்கிறது, பிளக்குகளைக் குறை சொல்ல வேண்டாம். எரிந்தால் சாவியை அணைத்துவிட்டு பட்டையைக் கழற்று. இப்போது கிளிப் பேட்டரியின் பிளஸ்ஸில். முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுக்கொண்டே போ. விளக்கு எரிந்தால் உள்ளே சுருள் அறுபடவில்லை, எரியாதது செத்தது. மீட்டரில் நல்ல பிளக் ஒரு ஓம் அல்லது அதற்கும் குறைவாகத்தான் காட்டும். இன்னும் பழைய வண்டிகளில் பிளக்குகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும், அதில் ஒன்று போனால் எல்லாமே இருட்டு. உன்னுடையது தனித்தனி என்றுதான் நினைக்கிறேன். நாலில் ஒன்று போனால் வண்டி கிளம்பும், ஆனால் உடம்பெல்லாம் குலுங்கி, வெள்ளையாகப் புகைந்து, கொஞ்ச நேரத்தில் தெளியும். இரண்டு மூன்று போய்விட்டால்தான் நீ எழுதிய நிலை.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெதுவாக முன்னும் பின்னும் திருப்பு. ஹெட்டுக்குள் பிளக் ஒடிந்தால் அதை எடுக்கப் படும் பாடு தனி. வெளியே வந்த பிளக்கின் முனை அரிக்கப்பட்டு உருகியது போலிருந்தால், அந்த சிலிண்டரின் நாசில் ஒழுங்காகத் தூவவில்லை. நாசிலைச் சோதிக்காமல் புது பிளக் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ஆனால் வேறு மாதிரி ஒரு காலையும் உண்டு. சாவி திருப்பியதும் டக்கென்று கிளம்பி, சில வினாடி ஓடி, இருமி அணைந்துவிடும். அதற்கப்புறம் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் மறுபடி கிளம்பும். உன் கடிதத்தில் இது இருந்ததா இல்லையா என்று தெளிவில்லை, யோசித்துப் பார். இது சூட்டின் பிரச்சினை இல்லை, காற்றுப் பிரச்சினை. பம்பில் மிச்சமிருந்த டீசலில் அந்தச் சில வினாடி ஓடுகிறது; பின்னால் குழாயில் டீசல் இரவெல்லாம் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை என்பதால் வெளியே சொட்டுகூட ஈரம் தெரியாது, டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அதனால்தான் பலர் பார்வையிலிருந்து இது தப்பிவிடுகிறது. பில்டர் தலையின் வாஷர், கை பிரைமரின் (டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் சின்ன பம்ப்) ரப்பர், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்ப நாசில்களுக்கு மேல் ஓடும் மெல்லிய ரிட்டர்ன் குழாய்கள், இவைதான் வழக்கமான இடங்கள். காலையில் செல்ஃப் அடிக்கும் முன் கை பிரைமரை இறுகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணு. ஒழுங்காகக் கிளம்பி ஓடினால் சந்தேகம் உறுதி. பம்புக்கு முன்னால் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு (டீசல் தாங்கும் ரகம்) மாட்டினால் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வண்டியின் முன்பக்கம் தாழ இருக்கும்படி சரிவில் இரவு நிறுத்திப் பார்ப்பதும் நல்ல சோதனை. பின்பக்க டேங்க் அப்போது உயரத்தில் இருப்பதால் டீசல் பின்வாங்காது.

புகையே இல்லாமல், பிரைமரும் பலன் தராமல் இருந்தால், சாவி போட்டதும் பம்பின் ஸ்டாப் சொலினாய்டில் (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) 'டிக்' சத்தம் கேட்கிறதா என்று பார். கடும் குளிரில் டீசலில் மெழுகு கட்டி பில்டரை அடைப்பதும் உண்டு.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் காற்று நசுங்கும் அழுத்தத்தை, கடைசியில் வை. பிளக், பேட்டரி, காற்று எல்லாம் சரி, இன்னும் வெள்ளைப் புகைதான் என்றால் முதலில் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) அளக்கச் சொல். இறுகிப்போன டேப்பட்டால் வால்வு முழுதாக உட்காராமல் கம்ப்ரஷன் நழுவும், அது ரிங் தேய்மானம் போலவே நடிக்கும். கம்ப்ரஷனை அளக்க டீசலுக்கான கேஜ்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஈதர் ஸ்ப்ரே அடித்துக் கிளப்பும் வேலை வேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். ரிங் ஒடியும், பிஸ்டனே உடையும். செல்ஃபையும் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் பிடிக்காதே, நடுவே ஒரு நிமிடம் ஆறவிடு.

இவ்வளவு உழைத்த இன்ஜினைத் தவறான தீர்ப்பில் செலவழிக்க எனக்கு மனசில்லை. என்ன புகை வந்தது, பட்டையில் விளக்கு எரிந்ததா என்று பார்த்துவிட்டு எழுது. மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். சூட்டில் நன்றாகக் கிளம்பும்போது பம்ப் எப்படித் தேய்ந்திருக்கும் என்று மட்டும் கேள். அவர் சொல்லும் பதிலையும் எழுது, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

அக்காவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்