14 மாத்திரையும் ஒரு தூக்கு கொள்ளு ரசமும்

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மதுரையில் 30 வருஷமாக மெஸ் நடத்துகிறவன். இதுவரை எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் கடன் நோட்டும்தான். போன வாரம் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார். வீட்டுக்கு வந்து ஈசிசேரில் சாய்ந்தேன். நன்றி சொல்லாமல் விட்ட முகங்கள் வரிசையாக வந்து நின்றன. பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

2024 தைப்பொங்கலுக்கு உசிலம்பட்டிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போயிருந்தோம். மாட்டுப்பொங்கல் ராத்திரி கறிவிருந்து. குடல் குழம்பு, சுக்கா, நல்லி. நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. விடியற்காலை நெஞ்சில் யாரோ அம்மிக்குழவியை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. இடது தோள்பட்டை வரை இழுத்தது. மாமியார் "வாயுப்பிடிப்பு" என்று ஓம வாட்டர் கொடுத்தார். நானும் அதையே நம்பினேன், நம்பத்தானே பிடிக்கும். மச்சினன் மகள், பதினோராம் வகுப்புப் பிள்ளை, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு, இது வாயு இல்ல" என்று சத்தம் போட்டாள். தை மாசக் குளிரில் வேர்த்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தோன்றியது. கண்ணு, முதல் நன்றி உனக்கு.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று இரவுப் பணியில் இருந்த நர்ஸம்மா. இசிஜி தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை, கை மட்டும் வேகமானது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டே என் உள்ளங்கையில் மாத்திரைகளைக் கொட்டினார். "இத்தனையா?" என்றேன். "எண்ணாதீங்க, முழுங்குங்க" என்றார். பிறகுதான் தெரிந்துகொண்டேன், அவை 14: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் கிராமத்து சுகாதார நிலையங்களிலேயே இந்த முதல் மருந்தைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ரத்தக்கட்டி மேலும் பெருகாமல் பிடித்து வைப்பதற்காம். ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது. நர்ஸம்மா, நீங்கள் எண்ண வேண்டாம் என்றதை நான் அதற்கப்புறம் எத்தனை முறை எண்ணியிருப்பேன்!

108 வண்டியில் கூட வந்த தம்பிக்கும், ஓட்டி வந்த தம்பிக்கும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் இதயப் பிரிவு டாக்டர்களுக்கும் நன்றி. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் ரத்தக்குழாயில், அடைப்பைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கையைக் கடிக்கவில்லை. கண் விழித்தபோது டாக்டர் சொன்னது: "ஒண்ணைத் திறந்தாச்சு. இன்னொண்ணுல பாதி அடைப்பு இருக்கு. அதுக்கு இப்ப ஸ்டென்ட் வேணாம். அதை மாத்திரையும் உங்க நாக்கும்தான் பாத்துக்கணும்."

நாக்கு! அந்த ஒரு சொல்லில் என் கதை ஆரம்பமானது.

நான் சாப்பிட்டு வளர்ந்ததும் சாப்பாடு போட்டுப் பிழைத்ததும் கறியில்தான். கடையில் காலையில் ஆட்டுக்கால் பாயா, மதியம் கறிச்சோறு, ராத்திரி பரோட்டா, கறிதோசை. ருசி பார்க்கிறேன் என்று நாள் முழுக்க வாய் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் வார்டுக்கு வந்த டயட்டீஷியன் அம்மாவிடம் முந்திக்கொண்டு, "இனிமே சுத்த சைவம்மா" என்றேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "பூரி சைவம். மெதுவடை சைவம். மைசூர்பாகு, வனஸ்பதி எல்லாமே சைவம்தான் சார். எதைச் சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை.

அந்த அம்மாவுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அவருக்கே தெரியாது. கையில் கொடுத்த சீட்டைவிட, வாயால் சொன்ன ஒன்று மனதில் நின்றது. "உங்க தட்டுல சோறு மலை, காய் தொட்டுக்க. அதைத் திருப்பிப் போடுங்க. காய் மலை, சோறு தொட்டுக்க." அதுவும் முடிந்தவரை தீட்டாத அரிசி, இல்லையென்றால் சாமை, வரகு. தினமும் ஏதாவது பயறு: கொள்ளு, பச்சைப்பயறு, கருப்புக் கொண்டைக்கடலை. உப்பு ஆளுக்கு ஒரு டீஸ்பூன், ஊறுகாய் அப்பளத்தில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான். எண்ணெய் ஆளுக்கு மாசம் அரை லிட்டர். எங்கள் வீட்டில் நாலு பேர், ஆறு லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தேங்காயைக் குறைக்கச் சொன்னபோது என் மனைவிக்குத்தான் முகம் வாடியது. தேங்காயெண்ணெயில் பத்துக்கு ஒன்பது பங்கு, கெட்ட கொழுப்பை ஏற்றுகிற நிறைகொழுப்பு என்று விளக்கினார். பயறிலும் வெண்டைக்காயிலும் இருக்கிற வழவழப்பான நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுமாம். புதுப் பித்தநீர் சுரக்கக் கல்லீரல் ரத்தத்தில் இருக்கிற கொழுப்பை எடுத்துக்கொள்ளுமாம். "வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு வரும்" என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்குக் கணக்கு வரவில்லை, கொழுப்பாவது போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் திட்டுவாள். பரவாயில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாளே அடுப்படியில் நின்று, "உங்களுக்குத் தனியா, எங்களுக்குத் தனியா பொங்க என்னால ஆகாது. எல்லாருக்கும் ஒரே குழம்பு" என்று அறிவித்துவிட்டாள். பையன் ஒரு மாதம் முனகினான். ஆனால் அந்த ஒரு முடிவுதான் என்னைக் காப்பாற்றியது. பக்கத்துத் தட்டில் மீன் வறுவல் இருக்கும்போது சுரைக்காய்க் கூட்டைச் சாப்பிடுகிற வைராக்கியம் எனக்குக் கிடையாது, அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அண்ணா நகர் உழவர் சந்தையில் கீரை விற்கிற தங்கச்சிக்கு அடுத்து. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர் 14-ல் திறந்தது. அத்தனை வருஷமும் நான் அங்கே போனது கடைக்கு வெங்காயமும் தக்காளியும் வாங்க மட்டும். டாக்டர் நடக்கச் சொன்னதும் காலை நடையை அந்தப் பக்கம் திருப்பினேன். முதல் நாள், "முருங்கைக்கீரை வேணாம்மா, ஆய முடியாது" என்றேன். தங்கச்சி சிரித்துவிட்டு ஒரு கட்டை எடுத்து என் துண்டிலேயே இறுக்கிச் சுற்றிக் கொடுத்தது. "ராத்திரி பூரா இப்படியே கெடக்கட்டும்ண்ணே. காலைல உதறுங்க." உதறினேன். இலையெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து துண்டில் கிடந்தது, காம்பு தனியாகக் கையில் நின்றது. மெஸ் வைத்து 30 வருஷம், இது தெரியாது எனக்கு! இப்போது நான் போனாலே அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று நாளுக்கு ஒன்றாக எடுத்து வைத்திருக்கிறது. ஒரு நாள் போகவில்லையென்றால் மறுநாள் கேள்வி கேட்கிறது.

எங்கள் கடை பரோட்டா மாஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஏழாவது வாரம், கடை அடைக்கிற நேரம், யாரும் இல்லை. கல்லில் இரண்டு பரோட்டா மிச்சம். சால்னா சூடாக இருந்தது. சாப்பிட்டுவிட்டேன். கை கழுவித் திரும்பினால் பின்வாசலில் மாஸ்டர். ஒன்றும் சொல்லவில்லை. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் என் மனைவிக்கு போன் போயிருந்தது. அன்று அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாள் மதியம் அவர் ஒரு குழிப்பணியாரச் சட்டியோடு வந்தார். வாழைப்பூவைப் பொடியாக அரிந்து மோரில் போட்டு எடுத்து, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, பட்டை, சின்ன வெங்காயம் எல்லாம் சேர்த்து அரைத்து, உருட்டி, குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி வேகவைத்தார். கோலா உருண்டை வாசனை தெருவரைக்கும் போனது. ஒன்றை வாயில் போட்டபோதுதான் எனக்கு விளங்கியது: இத்தனை நாளும் நான் ஏங்கியது கறிக்கு இல்லை, சோம்புக்கும் பட்டைக்கும். அதற்கப்புறம் பலாப்பிஞ்சுச் சுக்கா, காளான் மிளகு வறுவல், சேனை சாப்ஸ் என்று எனக்காக அவர் செய்து பார்த்தவை இன்று கடை போர்டிலேயே ஏறிவிட்டன. கறி இன்னும் விற்கிறேன், மறைக்கவில்லை. என் பிழைப்பு அது. ஆனால் கல்லாவில் இருக்கிற நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது என்ன?" என்று கேட்கிற ஆட்கள் கூடிக்கொண்டுதான் வருகிறார்கள்.

பி.ஃபார்ம் படிக்கிற என் சின்ன மகள், இந்தச் சாப்பாட்டுக்கு ஆதாரம் உண்டா என்று தேடிப் படித்துக் காட்டினாள். அமெரிக்க டாக்டர் டீன் ஆர்னிஷ் 1990-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி. மொத்தம் 48 நோயாளிகள். கொழுப்பு மிகக் குறைந்த சைவச் சாப்பாடு, நடை, மூச்சுப் பயிற்சி, சிகரெட்டை விடுவது என்று மாறிய 28 பேருக்கு ஒரு வருஷத்தில் அடைப்பு சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8 ஆனது. வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவர்களுக்கு 42.7 என்பது 46.1 ஆக ஏறியது. "இவ்வளவுதானா இறங்குது?" என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஏறாம நின்னாலே லாபம்ப்பா" என்றாள். ஐந்து வருஷக் கணக்கில் அந்த 28 பேருக்கு நெஞ்சு சம்பந்தமாக வந்த பிரச்சினைகள் 25, இன்னொரு பக்கம் 20 பேருக்கு 45. சின்ன ஆராய்ச்சிதான், எதனால் எவ்வளவு பலன் என்று அதில் சாப்பாட்டை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் அவளே சொன்னாள். எனக்குப் பிடித்த சேதி வேறு: அந்த டாக்டருக்கு யோகா வழிகாட்டியாக இருந்தவர் சுவாமி சச்சிதானந்தா, நம்ம கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர்! சொந்தக்காரர் சொன்னதுபோல ஒரு நம்பிக்கை வந்தது.

நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர், "கீரையும் அருகம்புல் சாறும் இருக்கையில மாத்திரை எதுக்கு? கிட்னி போயிரும்" என்றார். வீட்டில் சொல்லாமல் கொலஸ்ட்ரால் மாத்திரையை இரண்டு மாதம் நிறுத்தினேன். ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரையை மட்டும் என் மனைவி தினமும் கையில் வைத்துக் கொடுத்ததால் அதில் கைவைக்க முடியவில்லை. முடிந்திருந்தால் ஸ்டென்டே அடைத்திருக்கலாம் என்றார்கள். 61-ல் இருந்த எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 118-க்குப் போய் நின்றது. எழுபதுக்குக் கீழே இருக்க வேண்டியது அது. டாக்டர் திட்டவில்லை. "கீரை உங்களுக்குத் துணைக்கு வந்திருக்கு. மாத்திரையை வேலையை விட்டு அனுப்ப வரல" என்றார். பாலையும் விட்டுவிட்டேன் என்று சொன்னதும் பி12 பார்க்கச் சொல்லி, குறைவாக இருந்ததால் அதற்கும் மாத்திரை எழுதினார். செடிகொடியில் அந்தச் சத்து கிடைக்காதாம். டாக்டர், அன்று நீங்கள் கத்தியிருந்தால் நான் அடுத்த முறை வந்திருக்கமாட்டேன்.

எங்கள் பங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை. போன வருஷம் குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு. சாமிக்கு வெட்டிய கறியை வேண்டாம் என்பது எப்படி என்று மூன்று நாள் தூக்கம் இல்லை. பந்தியில் என் இலைக்கு முன் வாளி வந்து நின்றபோது பெரியப்பாதான் கையை நீட்டி மறித்தார். "அவனை விட்டு வச்சதே சாமிதான். அப்புறம் என்ன, கறி தின்னாத்தான் ஆச்சுன்னா சொல்லுது?" அதற்குமேல் யாரும் பேசவில்லை. கத்திரிக்காய்க் கூட்டும் ரசமும் என் இலைக்கு வந்தன. வேறு அடுப்பில் முன்னாடியே செய்து வைத்திருந்தார்கள்.

84 கிலோ இருந்தவன் இன்று 73. இதயம் ரத்தம் தள்ளுகிற அளவு 40 சதவீதத்திலிருந்து 52 ஆகியிருக்கிறது. வரக்காப்பி மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

கடைசியாக எதிர்வீட்டு அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம், எண்ணெயில்லாமல் தாளித்த கொள்ளு ரசத்தை ஒரு எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே வராமல், "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அக்கா, அந்தத் தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொண்டு வருகிறேன், மாஸ்டர் செய்த வாழைப்பூ கோலாவோடு. அன்றைக்குச் சமைத்துவிடாதீர்கள்.