நெம்புகோல் யார் கையில்?

ஆசிரியருக்கு,

பிரேக் பிடிக்காமல் வரும் வண்டியை நெம்புகோலை இழுத்து வேறு தண்டவாளத்துக்குத் திருப்பி, ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுக்கலாமா என்ற தண்டவாளப் புதிரில் எல்லோரும் தலையைத்தான் எண்ணுகிறார்கள், நெம்புகோல் யார் கையில் என்று கேட்பதே இல்லை. 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற, ஆறு ஓடும் திசையில் அதற்குக் கீழே இருக்கும் கேர்னார்வனில் மிசிசிப்பி ஆற்றின் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். அந்த முடிவுக்கு முன்னின்றவர்கள் நகரத்து வங்கிக்காரர்கள். அப்படித் திருப்பிவிட்ட தண்ணீரில் வீடுவாசலை இழந்தவர்களில் மஸ்க்ராட் என்கிற நீரெலியைப் பிடித்து, தோலை விற்றுப் பிழைத்தவர்கள் ஏராளம். நஷ்டஈடு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பலருக்குக் கண்துடைப்பாகத்தான் கொடுத்தார்கள். கொடுமை என்னவென்றால், ஆற்றின் மேல்பகுதியில் கரைகள் தானாகவே உடைந்து தண்ணீர் வேறு பக்கம் போய்விட்டதால் அந்த வெடியே தேவைப்பட்டிருக்காது. சரி, நகரம் பிழைக்க வேண்டியதுதான். ஆனால் ஒருவரைப் பலி கொடுத்தால் ஐந்து பேர் பிழைப்பார்கள் என்று புதிரில் இருக்கிற அந்த 'நிச்சயம்' அன்றைக்கு யாரிடம் இருந்தது?

ஒரு வாசகர், திருச்சி