எந்த மொழி என்று சொல்லாமல் முன்பணம் கேட்பது குறித்துப் புகார்

அனுப்புநர்:
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
திரைப்பட வெளிநாட்டு வெளியீட்டு நிறுவனம்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ராமாயணப் படத்தின் முதல் பாகத்துக்குக் கேட்கப்படும் முன்பணம், 2024-இல் தமிழ் என்று டிக்கெட் விற்று இந்தியில் காட்டிய காட்சி, செல்லாது என்று மறுக்கப்பட்ட வவுச்சர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் டர்பன் கிளைக்கு ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இப்போது நேராகச் சென்னைக்கே, தமிழிலேயே எழுதுகிறேன். தமிழ்ப் படங்களைக் கடல் தாண்டிக் கொண்டுவருகிற நிறுவனம் உங்களுடையது. யாராவது ஒருவர் இதைக் கடைசிவரை படிப்பீர்கள் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். 2026 தீபாவளிக்கு வரப்போகும் ராமாயணப் படத்துக்குக் குழுவாக வருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கு உங்கள் கிளையிலிருந்து ஒரு தாள் வந்தது. ஆளுக்கு 75 ராண்ட் முன்பணம். எங்கள் வகுப்பில் 40 பேர், ஆக 3000 ராண்ட். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. சரி, எந்த மொழியில் காட்டப் போகிறீர்கள் என்று போன் செய்து கேட்டேன். "பின்னால் தெரிவிப்போம்" என்றார்கள். ஆங்கில சப்டைட்டில் இருக்குமா என்றேன். அதற்கும் அதே பதில்.

மொழியைச் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொள்வது சாதாரணமாகவே தப்பு. எங்கள் விஷயத்தில் அது இன்னும் பெரிய தப்பு, ஏனென்றால் ஒரு முறை உங்களிடம் ஏமாந்துவிட்டோம்.

2024-இல் ஒரு சனிக்கிழமை மாலை, நீங்கள் வெளியிட்ட ஒரு பெரிய சரித்திரப் படத்துக்கு 38 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் 120 ராண்ட், மொத்தம் 4560. மூன்று கோம்பி வண்டி (இங்கே ஓடும் சின்ன வேன்) பிடித்தோம். சக்கர நாற்காலியில் இரண்டு பேர். மற்றவர்களில் பாதிப் பேர் முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவர்கள். அந்தக் காசில் மாதாமாதம் ஒதுக்கி வைத்துத்தான் டிக்கெட் எடுத்தார்கள். புதுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்தார்கள். டர்பனில் தலைக்குப் பூ வாங்குவது லேசான காரியம் இல்லை.

விளக்கு அணைந்தது. முதல் குரல் இந்தியில் வந்தது. ஏதோ விளம்பரம் என்று நினைத்துக்கொண்டோம். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. என் பக்கத்தில் இருந்தவர் எங்கள் வகுப்பிலேயே மூத்தவர், 84 வயது, எல்லோருக்கும் ஆயா. இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்து, "பிள்ளே, இது நம்ம பாஷை இல்லியே" என்றார். குரலில் கோபமே இல்லை. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் எழுந்து வெளியே போய், அரங்கத்துப் பையனிடம் டிக்கெட்டைக் காட்டினேன். படத்தின் பெயருக்குக் கீழே தமிழைக் குறிக்கும் 'டி.ஏ.எம்.' என்று மூன்று ஆங்கில எழுத்து, மங்கலான ஊதா மையில் அச்சாகியிருந்தது. அவன் படம் ஓட்டுகிறவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, "எங்களுக்கு வந்த சாவி இந்திக்குத்தான்" என்றான். பிறகுதான் இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது படம் ரீலில் வருவதில்லை. கோப்பாக வருகிறது, அதைத் திறக்க கேடிஎம் என்கிற ஒரு டிஜிட்டல் சாவி தனியாக வரவேண்டும். எந்தப் பதிப்புக்கு, எந்த அரங்கின் கருவிக்கு, எந்த நாள்வரை என்று அந்தச் சாவியிலேயே அடங்கியிருக்கிறது. தமிழ்ப் பதிப்புக்குச் சாவி வராவிட்டால் தமிழ்க் கோப்பு பக்கத்திலேயே இருந்தாலும் அரங்கத்துக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்குத் தமிழ் என்று டிக்கெட் விற்றவர்களும் நீங்கள், அரங்குக்கு இந்திச் சாவி வரும்படி விட்டவர்களும் நீங்கள்.

எங்கள் தெருவிலேயே இந்திக் குடும்பங்கள் இருக்கின்றன, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகிறவர்கள்தான். அவர்களுக்கு இந்திக் காட்சி தாராளமாக வேண்டும். ஆனால் எங்கள் 38 பேரில் இந்தி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பெரியவர்களுக்குத் தமிழ் காதில் விழவேண்டும். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம், அவர்களுக்குக் கீழே எழுத்து ஓடவேண்டும். தமிழ்க் குரலும் ஆங்கில சப்டைட்டிலும் சேர்ந்து வந்தால்தான் பாட்டியும் பேத்தியும் ஒரே படத்தைப் பார்க்க முடியும். அன்று சப்டைட்டிலும் இல்லை.

பணத்தைக் கேட்டேன். வவுச்சர் கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து வேறு படத்துக்கு அதை நீட்டினால், ஆறு மாதத்தோடு காலாவதி ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது இந்த ராமாயணம். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். ஆனால் ராமாயணம் என்றதும் எங்கள் ஆட்கள் போகத்தான் நினைக்கிறார்கள். அது ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயா பிறந்து வளர்ந்தது மேகசின் பாரக்ஸில். நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த இடம். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும்தான். 1960-களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். பாரக்ஸில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். இங்கே அதை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றும் சொல்வார்கள். அந்தக் கூத்தில் சீதையாக வருகிறவர் ஒரு மனைப்பலகையில் உட்கார்ந்திருப்பாராம். ராவணன் வந்து அவரைத் தொடமாட்டானாம். பலகையோடு தூக்கிக்கொண்டு ஓடுவானாம். தூக்க இரண்டு பேர் பின்னாலிருந்து கைகொடுப்பார்களாம். ஆயா இதைச் சொல்லும்போது, மடியில் இருக்கும் நோட்டைத் தட்டையாகப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். வால்மீகியில் ராவணன் சீதையைப் பிடித்துத்தான் தூக்குகிறான். கம்பனில்தான் குடிலோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போகிறான். ஆயா கம்பனைப் படித்தவர் இல்லை. கம்பன் சொன்னது ஒரு மனைப்பலகையாக அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் இப்படித்தான், புத்தகம் இல்லாமல், இந்தக் கதையைக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள்.

அதனால் இந்தப் படத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் பேச்சு ஓய்வதே இல்லை. 2025 ஜூலை 3-ஆம் தேதி வந்த முன்னோட்டத்தைக் கோயில் மண்டபத்தில் சுவரில் போட்டுப் பார்த்தோம். ராமனும் ராவணனும் கண்ணில் பட்டது சில விநாடிகள்தான், அதற்கே மூன்று தடவை மறுபடி போடச் சொன்னார்கள். ரஹ்மானும் ஹான்ஸ் சிம்மரும் சேர்ந்து இசை என்றதும் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. சீதையாக வருவது கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி என்றதும் பெண்களுக்குச் சந்தோஷம். அந்த முகத்தில் பொறுமை இருக்கிறது என்று ஆயா சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சந்தேகமும் அதே அளவு இருக்கிறது. இரண்டு பாகத்துக்கும் சேர்த்து 4000 கோடி ரூபாய்க்கு மேல் என்று தயாரிப்பாளர் நமித் மல்ஹோத்ரா சொல்லியிருக்கிறார். அவ்வளவு பணம் போடுகிறவர்கள் அதைத் திருப்பி எடுக்க என்னென்ன செய்வார்கள் என்று எங்கள் ஆட்கள் யோசிக்கிறார்கள். இதே ராமாயணக் கதையை வைத்து முன்பு வந்த ஆதிபுருஷ் படத்தை யாரும் மறக்கவில்லை. 2022 அக்டோபரில் டீசர் வந்ததும் கிராஃபிக்ஸைப் பார்த்து ஊரே திட்டியது. 2023 ஜனவரிக்கு வரவேண்டிய படம் ஜூன் 16-க்குப் போனது. ஜூன் 16 எங்களுக்கு இளைஞர் தின விடுமுறை, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அனுமன் பேசிய பேச்சைக் கேட்டுப் பெரியவர்கள் மனம் நொந்து வந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில வசனங்களை மாற்றினார்கள். முதல் நாள் பணம் கொடுத்தவர்களுக்கு அதனால் என்ன பயன்? முந்திப்போகிறவன் தலையில்தான் விடியும் என்று அன்றிலிருந்து ஒரு பயம் இருக்கிறது. நீங்கள் இப்போது கேட்பது முந்திப்போகிறவர்களின் பணத்தைத்தான்.

புதுப்படத்தின் கிராஃபிக்ஸைச் செய்கிற டிஎன்இஜி ஆஸ்கர் பலமுறை வாங்கிய நிறுவனம், அதனால் அந்தப் பக்கம் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. என் சந்தேகம் எல்லாம் குரலில். சீதைக்குத் தமிழில் சாய் பல்லவியே பேசுவாரா? ராவணனாக வரும் யஷ் வாயில் தமிழ் எப்படி வரும்? ராமனாக வரும் ரண்பீர் கபூருக்கு யார் குரல்? மொழிமாற்று வசனத்தை ஒழுங்காகத் தமிழ் தெரிந்தவரிடம் கொடுப்பார்களா, இல்லை வாயசைவுக்குச் சொல்லை அடைத்துவிடுவார்களா? முதல் பாகத்தை எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று பிள்ளைகளுக்குள் ஒரு போட்டியே நடக்கிறது. சீதையைத் தூக்கிப் போவதோடு நிறுத்திவிட்டால், இரண்டாம் பாகத்துக்கு 2027 தீபாவளிவரை காத்திருக்க வேண்டும். 84 வயதுக்காரரிடம் ஒரு வருஷம் என்று சொல்வது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல முடியாது, அது படம் எடுத்தவர்கள் பாடு. எந்த மொழியில் காட்டுவோம் என்று மட்டும் நீங்கள் சொல்லமுடியும். அதைத்தான் சொல்லாமல் இருக்கிறீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 63-ஆம் பிரிவு: பணம் வாங்கிக் கொடுத்த வவுச்சர் 3 ஆண்டு செல்லும். ஆறு மாதம் என்று நீங்களாக அச்சடித்தால் அது நிற்காது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி முன்பதிவை ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு. நியாயமான ஒரு கட்டணம்தான் நீங்கள் பிடிக்கலாம். யாருக்காகப் பதிவு செய்ததோ அவர் இறந்துபோனாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ அந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. எங்கள் பட்டியலில் 80 தாண்டியவர்கள் ஆறு பேர். "எக்காரணம் கொண்டும்" என்று நீங்கள் எழுதியிருப்பது அவர்களைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். தமிழ் என்று விற்று இந்தியைக் காட்டுவது 41-ஆம் பிரிவில் வரும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 2024-இல் வாங்கிய 4560 ராண்டைத் திருப்பிக் கொடுங்கள், இல்லை என்றால் அந்த வவுச்சர் செல்லும் என்று எழுத்தில் கொடுங்கள். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதை ஒட்டி டர்பனில் ஒரே ஒரு காட்சியாவது தமிழ்க் குரலோடும் ஆங்கில சப்டைட்டிலோடும் போடுங்கள். பகல் காட்சியாக இருந்தால் நல்லது, ராத்திரியில் பெரியவர்களைக் கோம்பியில் கூட்டிக்கொண்டு போவது எங்களுக்குப் பயம். சாவி எந்தப் பதிப்புக்கு வந்திருக்கிறது என்று இரண்டு நாள் முன்னாலேயே அரங்கில் போட்டுப் பார்த்து எங்களுக்குச் சொல்லுங்கள். தமிழ் கிடைக்காது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவோம், ஆனால் வண்டி பிடித்து வந்து இருட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் ஒரு மனிதர் கையெழுத்துப் போட்ட பதில் வரவேண்டும். வராவிட்டால் டிக்கெட், வவுச்சர், நீங்கள் அனுப்பிய தாள் மூன்றின் நகலையும் வைத்துத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுவேன்.

40 பேரின் பெயர்ப் பட்டியல் தயாராக என் மேசையில் இருக்கிறது. முதல் பெயர் ஆயாவுடையது. மொழி என்ன என்று உங்கள் பதிலில் பார்த்த பிறகு, முன்பணத்தோடு அதை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

இணைப்பு: 2024 டிக்கெட்டின் நகல், வவுச்சரின் நகல், முன்பணம் கேட்டு வந்த தாள்.