பித்தளைச் சொம்பு முடிந்துவிட்டது

மந்தைவெளி, சென்னை
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்ததில் மகிழ்ச்சி. முழங்காலுக்கு அந்தத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போ. இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

படம் முடிந்துவிட்டதடி! அம்மாவின் பித்தளைச் சொம்பு, இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கத்தரிக்காய், அடியில் அப்பாவின் வெள்ளை வேட்டி. என் முதல் எண்ணெய் வண்ண ஓவியம். நேற்று மாலை ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் எல்லோரும் "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். நீயாவது உட்கார்ந்து முழுக்கக் கேள்.

பித்தளை மஞ்சள் என்று ஊரே சொல்லும். வடக்குச் சன்னலோரம் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார், அந்தச் சொம்பில் மஞ்சளுக்குக் கொஞ்சம்தான் இடம். வயிற்றுப் பக்கம் கரும்பழுப்பு. அடியில் பாசிப்பச்சை. வேட்டியின் வெள்ளை நீலம் பூசிக்கொண்டு அதன்மேல் விழுகிறது. எலுமிச்சைக்கு எதிரே மட்டும் ஒரு மஞ்சள் கீற்று, அதுவும் பழம் கொடுத்த கடன். சன்னலோ கம்பிகளோடு வளைந்து சொம்பின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் நானும் உள்ளே இருக்கிறேன், நகத்தளவில்!

பளபளப்பு எந்த ட்யூபிலும் கிடையாது, வசந்தா. இருட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சம் சட்டென்று வந்து நின்றால் கண் அதை உலோகம் என்று நம்புகிறது. அதே மாற்றத்தை மெல்ல மெல்லக் குழைத்தால் மண்பானையாகிவிடும். சொம்பில் மின்னும் அந்த வெள்ளைப் பொட்டைக் கடைசியில், ஒரே தொடுகையில் வைத்தேன். சொம்பு எழுந்து முன்னால் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வண்ணங்கள் ஐந்துதான்: வெள்ளை, மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், ஒரு சிவப்பு. கறுப்பே வாங்கவில்லை. அம்பரும் நீலமும் சேர்ந்தால் அருமையான கறுப்பு வருகிறது. அதில் சிவப்பைக் கலந்துதான் கத்தரிக்காய்.

பொறுமை வேண்டும். இந்த வண்ணம் ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்து மெதுவாக இறுகுகிறது. எண்ணெய் கூடினால் காய நாளாகும். அதனால் அடிப்பூச்சில் வண்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம். தலைகீழாகச் செய்தால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து பின்னால் வெடித்துவிடும். அம்பர் சீக்கிரம் காய்கிறது, அதில் மாங்கனீசு இருக்கிறது. வெள்ளையோ இந்த மழையில் விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. காய்கறி அதுவரை காத்திருக்குமா? அதனால் கத்தரிக்காயை முதலில் முடித்தேன், வாடாத சொம்பைக் கடைசிக்கு வைத்தேன். மின்விசிறி போட்டால் வேட்டி மடிப்பு கலைகிறது. சென்னைப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து வரைந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

சரோ வந்து பார்த்தாள். "இவ்வளவு தத்ரூபம் வேண்டுமென்றால் போட்டோ எடுத்திருக்கலாமே" என்றாள். கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மா படத்தின் முன்னால் சரிகை நிஜமா என்று தொடப் போனவள் நீ. கையைப் பிடித்து இழுத்தவள் நான். அந்தச் சரிகையை எந்தக் கேமரா தந்திருக்கும்? திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க மறுத்து, தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டாராம். அந்தப் பையன் பார்த்தே கற்றான்.

சரோவிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். சொம்பின் கழுத்தில் ஒரு சிறு நெளிவு இருக்கிறது. எத்தனையோ வருடமாகப் புழங்கியிருக்கிறேன், தேய்த்துக் கழுவியிருக்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை. அங்கே வெளிச்சம் உடைந்து திரும்புவதை வரைய வேண்டியிருந்ததால் பார்த்தேன். அம்மா தூக்கும்போது கட்டைவிரல் வைக்கும் இடம் அதுதான். அன்று அதற்கு மேல் தூரிகையைத் தொட முடியவில்லை. மறுநாள் அந்த நெளிவை மட்டும் வரைந்தேன். படத்தில் மிக நன்றாக வந்திருப்பது அதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வார்னிஷ் போட ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். மே மாதம் நீ வரும்போது சேர்ந்து பூசுவோம். பயப்படாதே, தவளை விவகாரத்தை யாரிடமும் சொல்லமாட்டேன். ரெக்கார்டு நோட்டுக்கு நீ வரைந்த செம்பருத்தியைத்தான் பெருமையாகச் சொல்லிவருகிறேன்.

இப்போது என் தேவை. உன் வீட்டுப் பரணில் இருக்கும் வெண்கலப் பானை எனக்கு வேண்டும், இரவலாக. பத்மா பொங்கலுக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பு. பழைய துணியில் சுற்று. புளி போட்டுத் தேய்த்துவிடாதே, அந்தக் களிம்புக்காகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
கமலா